பழுது பார்ப்பவரும் பறக்கலாம்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் பயணிகள் தங்கள் பெட்டிகளின் மீதே தலைசாய்த்து உறங்கிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். விமானிகளுக்கான வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. ஆறு வரை அனுமதிக்கப்பட்டிருந்த இரவுத் தரையிறக்கங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. இந்த விதிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகளைத் திரட்டி வைக்காததால், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்ய நேர்ந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தில் பயிற்சிப் பள்ளிகளைப் பெருக்குவது பற்றியும் கல்விக் கடன் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. விமானியாகும் வாய்ப்பு எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி மட்டும் அந்த இரைச்சலில் காதில் விழவில்லை.

வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 15,000 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும், பறப்பதற்கு மட்டும் 30 லட்சம் ரூபாய் ஆகிறது. தேர்வுக் கட்டணம், தங்குமிடம், குறிப்பிட்ட வகை விமானத்துக்கான தனிப் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் அரைக் கோடியைத் தாண்டிவிடும். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்க முடிந்தவரின் பிள்ளைதான் விமானி இருக்கையில் அமர முடிகிறது. இது எவரும் அறியாத செய்தி அன்று.

இதோடு தொடர்பில்லாததுபோலத் தோன்றும் இன்னொரு செய்தியும் உண்டு. அக்னிபத் திட்டத்தின்கீழ் 2022இன் இறுதியில் விமானப்படையில் சேர்ந்த முதல் அணியினரின் நான்காண்டுப் பணிக்காலம் 2026இன் இறுதியில் நிறைவடைகிறது. அவர்களில் 25 விழுக்காடு வரை மட்டுமே பணியில் தொடர முடியும். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியே வருவார்கள். நாளிதழில் இவ்விரு செய்திகளும் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டியவை இவை என்பது என் கருத்து.

விமானப்படையில் இருபது ஆண்டுகள் தரைப் பணியில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். பெல்காமில் அடிப்படைப் பயிற்சியை முடித்து, தாம்பரத்தில் விமான உடற்பகுதிப் பழுது நீக்கம் பயின்றவன். தாம்பரம் ஒரு விசித்திரமான தளம். விமானங்களைச் செப்பனிடக் கற்றுத்தரும் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. விமானப் பயிற்றுநர்களையே உருவாக்கும் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. ஒரே மதிற்சுவருக்குள், ஒரே ஓடுபாதையின் இரு புறமும் இவ்விரு உலகங்களும் இருந்தன. நாங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட்ட விமானத்தில் இன்னொருவர் ஏறிச் செல்வார். திரும்பி வந்ததும் நாங்கள் மறுபடி சரிபார்ப்போம். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை, தொழில் அப்படித்தான். ஆனால் சொந்தக் காசில், ஓய்வு நாளில், ஒரு சிறிய விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள வழியுண்டா என்ற கேள்விக்கு நான் பணியாற்றிய எந்தத் தளத்திலும் விடை இருந்ததில்லை. சாகச விளையாட்டு என்ற பெயரில் பாராகிளைடிங் உண்டு. உரிமம் பெறும்வரை அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஒன்றும் இல்லை.

அத்தகைய ஓர் ஏற்பாட்டை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது அமெரிக்காவில், என் அக்காள் மகன் பணிபுரியும் விமானப்படைத் தளத்தில்.

அவன் பச்சை அட்டையுடன் அந்நாட்டுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்கப் படையில் பச்சை அட்டை வைத்திருப்பவர் சாதாரண வீரராகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. அதற்குக் குடியுரிமையும் பட்டமும் வேண்டும். விமானப்படையில் விமானிகள் அனைவரும் அதிகாரிகள். ஆகவே அவன் சேர்ந்தது, என்னைப் போலவே, பழுது பார்க்கும் பிரிவில். சி-17 சரக்கு விமானங்களைப் பராமரிப்பது அவன் வேலை. வார இறுதிகளில் அவன் வேறோர் ஆள். தளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய ஹேங்கருக்கு என்னை அழைத்துச் சென்றான். உள்ளே நான்கைந்து செஸ்னா விமானங்கள், ஒரு கரும்பலகை, பழைய சோபா, காபி இயந்திரம். வாசலில் ‘ஏரோ கிளப்’ என்று பெயர்ப்பலகை. “மாமா, இங்கே நான் பழுது பார்ப்பவன் இல்லை, மாணவன்” என்றான்.

அமெரிக்க விமானப்படையில் இந்தக் கிளப்புகளின் தொடக்கத்தை 1948ஆம் ஆண்டோடும் ஜெனரல் கர்டிஸ் லெமேயோடும் இணைத்துச் சொல்வார்கள். ஜப்பானிய நகரங்களின்மீது தீக்குண்டு பொழியச் செய்தவர், அணுகுண்டு விமானப் படைப்பிரிவைக் கட்டியெழுப்பியவர் என்றே உலகம் அவரை அறியும். அந்தக் கடுமையான மனிதர்தான் தளங்களில் வீரர்கள் தங்கள் கார்களைத் தாங்களே செப்பனிட்டுக்கொள்ளும் பட்டறைகளையும், சொந்தச் செலவில் பறக்கக் கற்றுக்கொள்ளும் கிளப்புகளையும் ஊக்குவித்தார். இரக்கத்தால் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. எந்நேரமும் போருக்குத் தயாராக நிற்க வேண்டிய வீரர்கள் மாதக்கணக்கில் தளத்தைவிட்டு வெளியேற முடியாமல் இருந்தார்கள். அவர்களைப் படையில் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தரைப்படையும் கடற்படையும்கூட இத்தகைய கிளப்புகளை நடத்தின. மேரிலாந்தின் பட்டக்சென்ட் ரிவர் கடற்படைத் தளத்திலும், கடல் கடந்து ஜப்பானின் யோகோட்டா, கடேனா தளங்களிலும் இத்தகைய கிளப்புகள் இயங்கி வந்துள்ளன.

இக்கிளப்புகளை அரசின் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. நாடாளுமன்றம் ஒதுக்கும் பாதுகாப்பு நிதியைச் சார்ந்து அவை நிற்பதில்லை. உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். பறக்கும் நேரத்துக்கு வாடகை கட்டுகிறார்கள். பயிற்றுநருக்குத் தனியே கட்டணம் கொடுக்கிறார்கள். பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களது குடும்பத்தினர், பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள் ஆகியோர் சேரலாம். லாபம் எடுத்துச் செல்ல முதலாளி எவரும் இல்லை. ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது; கட்டுப்பாட்டுக் கோபுரமும் தீயணைப்பு வண்டியும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டிய தனியார் பள்ளியைவிடக் கட்டணம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. வெளியே நான்கு மணி நேரம் பறக்கும் பணத்தில் இங்கே ஐந்து மணி நேரம் பறக்கலாம் என்பது என் அக்காள் மகனின் கணக்கு.

கட்டணம் கணக்கிடும் முறையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. எரிபொருளும் சேர்த்த வாடகையை, இயந்திரம் ஓடும் நேரத்தைப் பதியும் ‘ஹாப்ஸ் மீட்டர்’ காட்டும் அளவுக்குக் கட்ட வேண்டும். விமானம் வானில் இருந்தாலும், ஓடுபாதையின் முனையில் காத்துக்கிடந்தாலும் மீட்டர் ஓடும். படைத்தளத்தில் முன்னுரிமை படை விமானத்துக்கே. பெருஞ்சரக்கு விமானம் எழும்பிச் சென்றபின், அது காற்றில் விட்டுச்செல்லும் சுழல் அடங்கும்வரை சிறிய விமானம் நகரக் கூடாது. “முன்னால் நிற்பது காலையில் நான் டயர் மாற்றிய விமானம்தான், மாமா. அது போய்த்தொலையும்வரை என் காசு எரிகிறது” என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பயிற்சியின் அளவை நிர்ணயிப்பது படை அன்று. அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் பயிற்றுநருடன், 10 மணி நேரம் தனியாக. துறையின் முழு ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தின்படி நடக்கும் பள்ளியானால் 35 மணி நேரம் போதும். ஆனால் பெரும்பாலான மாணவர்களுக்கு அறுபது, எழுபது மணி நேரம் ஆகிவிடுகிறது. இடைவெளி விழுவதே இதற்கு முதன்மைக் காரணம். படைவீரருக்கு இடைவெளி தவிர்க்க முடியாதது. தனியே பறக்கும் நிலையை எட்டியிருப்பார். வளைகுடாவுக்கு ஆறு மாதப் பணி ஆணை வந்துவிடும். திரும்பி வந்தால் பயிற்றுநர் வேறு தளத்துக்கு மாறுதலாகிப் போயிருப்பார். புதியவர் முதலிலிருந்து சோதித்துப் பார்த்துத்தான் மேலே செல்ல விடுவார். என் அக்காள் மகனின் பதிவேட்டில் மூன்று பயிற்றுநர்களின் கையெழுத்துகள் இருந்தன.

பழுது பார்ப்பவர் பறக்கக் கற்றுக்கொள்ளும்போது நேரும் சிக்கல் ஒன்றையும் அங்கே கவனித்தேன். புறப்படுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பதில் அவனை விஞ்ச ஆளில்லை. எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா, இறக்கையின் கீல் முளைகள் இறுகியிருக்கின்றனவா, டயரின் விளிம்பில் வெடிப்பு உண்டா என்று பத்து நிமிட வேலையை அரைமணி நேரம் செய்வான். வானில் ஏறியதும் அதே குணம் எதிரியாகிவிடும். கண்கள் அளவுமானிகளைவிட்டு அகலா. எண்ணெய் அழுத்தம் ஒரு கோடு இறங்கினால் மனம் அங்கேயே நிற்கும். அவனுடைய பயிற்றுநர் ஒரு துண்டுத் தாளை ஒட்டி அளவுமானிகளை மறைத்துவிட்டு, அடிவானத்தை மட்டும் பார்த்து ஓட்டச் சொன்னாராம். தாம்பரத்தில் என்னோடு பணிபுரிந்த பலரையும் அந்த இருக்கையில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன். எங்களுக்கும் அந்தத் துண்டுத் தாள் தேவைப்பட்டிருக்கும்.

முதன்முறை தனியே பறப்பதற்கு முன் எழுத்துத் தேர்வு உண்டு. அந்த விமானத்தைப் பற்றியும் அந்த ஓடுபாதையின் விதிகளைப் பற்றியும் பயிற்றுநரே வைக்கும் தேர்வு. ஒரு நாள் அவர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, மூன்று முறை சுற்றி வந்து இறங்கு என்பார். ஓர் ஆளின் எடை குறைந்ததும் விமானம் எதிர்பார்த்ததைவிட விரைவாக எழும்பும். அந்த வியப்பைப் பற்றிப் பேசாத மாணவரே இல்லை. இறங்கியதும் மாணவரின் சட்டையின் பின்பகுதியை வெட்டிச் சுவரில் மாட்டுவது அந்நாட்டு வழக்கம். முன்னும் பின்னுமாக இருக்கைகள் இருந்த பழைய விமானங்களில் பயிற்றுநர் மாணவனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துத்தான் செய்தி சொல்வாராம். இனி அந்த இழுப்பு வேண்டாம் என்பதன் அடையாளம் அது என்கிறார்கள். அதன் பிறகு 150 கடல் மைல் தொலைவுக்குத் தனியாகச் சென்று மூன்று இடங்களில் இறங்கித் திரும்ப வேண்டும். இரவுப் பயணமும் உண்டு. இறுதியில் தேர்வாளர் ஒருவர் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, உடன் பறந்து சோதிப்பார்.

சட்டைத் துணிகள் தொங்கும் அந்தச் சுவரின் முன் நான் நெடுநேரம் நின்றேன். ஒவ்வொரு துணியிலும் பெயரும் நாளும் எழுதப்பட்டிருந்தன. பதவி எழுதப்படவில்லை. அங்கே பயிற்றுநராக இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற சார்ஜென்ட்; அவருடைய மாணவர்களில் ஒருவர் பணியிலுள்ள கர்னல், மருத்துவர். வாயிற்காவலில் அந்தக் கர்னலுக்குச் சல்யூட் அடிக்கிறார்கள். விமானத்துக்குள் ஏறிய பிறகு, சார்ஜென்ட் ‘கட்டுப்பாடு என் கையில்’ என்றால் கர்னல் கையை எடுத்துவிட வேண்டும். பதவி என்பது படையின் முதுகெலும்பு என்பதை இருபதாண்டு அனுபவத்தில் அறிந்தவன் நான். அதைத் தளர்த்தாமலே, வாரத்தில் இரண்டு மணி நேரம் அதை வாசலில் கழற்றி வைக்கும் இடம் ஒன்று படைக்குள் இருக்க முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

இந்தக் கிளப்புகள் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. முன்பு இருந்த கிளப்புகளில் இன்று எஞ்சியிருப்பவை குறைவு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் நலத்திட்டங்களை வகைப்படுத்தும்போது, உடற்பயிற்சிக் கூடத்தையும் நூலகத்தையும் படையின் தயார்நிலைக்கு இன்றியமையாதவை என்று முதல் வகையில் வைத்து அரசுப் பணம் தருகிறது. ஏரோ கிளப்போ கோல்ஃப் மைதானத்தோடும் பௌலிங் கூடத்தோடும் சேர்த்து, தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டிய கடைசி வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. பறக்கக் கற்பது பொழுதுபோக்கு என்பதே இதன் பொருள். காப்பீட்டுக் கட்டணம் ஏறும்போதும், பழைய விமானத்துக்கு மாற்று வாங்க வேண்டி வரும்போதும் அந்த வகைப்பாடு கழுத்தை நெரிக்கிறது. பயணிகள் விமான நிறுவனத்தில் சேர 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு விதிக்குப் பின், இளம் பயிற்றுநர்கள் மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் தளங்களுக்குள் நுழைவதற்கான கட்டுப்பாடுகளும் இறுகின. ஒரு கிளப் மூடப்படும்போது எவரும் ஊர்வலம் போவதில்லை. ஹேங்கர் வேறு பயன்பாட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. படையில் பணியாற்றியவர்களுக்கான கல்வி உதவித் திட்டம் உயர்நிலை விமானப் பயிற்சிக்குப் பணம் தருகிறது. ஆனால் பட்டப்படிப்பின் பகுதியாக அல்லாமல் பயிற்சிப் பள்ளியில் சேர்பவர், முன்னதாகவே தனியார் விமானி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதாவது ஏணியின் மேற்படிகளை அரசு தாங்கிப் பிடிக்கிறது. முதற்படியை வீரரே வாங்க வேண்டும். அந்த முதற்படியைக் குறைந்த விலையில் தரும் இடம்தான் ஏரோ கிளப். அதைப் பொழுதுபோக்குப் பட்டியலில் வைத்திருப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

முதற்படியின் மதிப்பை விமானப்படையே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே விமானிப் பயிற்சிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண்ணில், ஏற்கெனவே பறந்த மணி நேரங்களுக்கும் இடம் உண்டு. முன்பு 200 மணி நேரம் வரை பறந்தவருக்கு மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே இது சாதகம் என்ற குறை எழுந்ததால், சில ஆண்டுகளுக்கு முன் அந்த உச்சவரம்பு 60 மணி நேர அளவுக்குக் குறைக்கப்பட்டது. அறுபது மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒரு தனியார் விமானி உரிமத்தின் செலவு. பட்டப்படிப்பை மாலை நேரத்தில் முடித்துக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன், குடியுரிமையும் பெற்றுவிட்ட நிலையில், இந்த மாற்றத்தைப் பற்றி என்னிடம் நான்கு முறையாவது பேசியிருப்பான். ஒலியின் வேகத்தை 1947இல் முதன்முதலில் கடந்த சக் யேகர் 1941இல் படையில் சேர்ந்தது பழுது பார்க்கும் பணிக்குத்தான். வயதும் கல்வியும் போதாதென்று அப்போது அவருக்கு விமானிப் பயிற்சி கிடைக்கவில்லை. போர் வந்து விதிகளைத் தளர்த்தியது. போர் வராமலும் தளர்த்தலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிளப் வழியே பறக்கக் கற்பது நமக்கு அந்நியமானதன்று. 1928 முதல் டெல்லியிலும் பம்பாயிலும் பிற நகரங்களிலும் அரசு உதவியுடன் ஃபிளையிங் கிளப்புகள் தோன்றின. 1929இல் இந்தியாவின் முதல் எண் உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாடா கற்றது பம்பாய் கிளப்பில். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அந்தக் கிளப்புகளின் பயன் வெளிப்பட்டது. ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்த 24 இந்திய விமானிகள் 1940இல் பிரிட்டனுக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி பறக்கக் கற்றது டெல்லி ஃபிளையிங் கிளப்பில். பின்னர் ஹரிக்கேன் போர் விமானத்தை ஓட்டினார். ஆனால் அக்கிளப்புகள் வசதி படைத்தோருக்கானவையாகவே தொடங்கின. பலவும் இன்று வணிகப் பள்ளிகளோடு போட்டியிட்டுத் திணறுகின்றன. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு ஒரு நல்ல விதிவிலக்கு. அதன் மாணவர்கள் மைக்ரோலைட் விமானங்களில் பறக்கும் அனுபவம் பெறுகிறார்கள். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் 2015இல் ஒப்பந்தம் செய்யப்பட்ட 194 சிறு விமானங்களில் பெரும்பகுதி அந்தப் படைக்கானது. கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, அதே விமானப்படையின் சீருடையை அணிந்த இளம் தொழில்நுட்ப வீரருக்கு எட்டவில்லை.

தகுதி இல்லையா? விமானப்படையில் அறிவியல் பிரிவில் சேரும் அக்னிவீரர், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கப்பட்டு வரும் பாடங்களும் கணிதமும் இயற்பியலுமே. உடல்நலச் சோதனையில் தேறியவர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மொழி தெரியும். காற்றின் திசையை நோக்கி நடக்கும் பழக்கம் உண்டு. ஓடுபாதையில் கிடக்கும் ஓர் ஆணி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள். இவர்களுக்கு இல்லாதது பணமும் விமானமும் மட்டுமே. 40 மணி நேரப் பயிற்சி, முன்னே சொன்ன அதே 15,000 ரூபாய்க் கணக்கில், 6 லட்சம் ரூபாய். நான்காண்டுகளில் பரப்பிச் செலுத்தினால், கிளப் அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்தால், சேவா நிதியைத் தொடாமலே முதல் உரிமத்துடன் வெளியே வர முடியும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பார்கள் என்பதை அறிவேன். சண்டீகர், புணே, ஸ்ரீநகர், பாக்டோக்ரா ஆகிய இடங்களில் விமானப்படையின் ஓடுபாதையில்தான் நாள்தோறும் பயணிகள் விமானங்கள் இறங்குகின்றன. முன்பின் தெரியாத இருநூறு பயணிகளை ஏற்றுக்கொள்ளும் ஓடுபாதைக்கு, பின்னணி முழுதும் சரிபார்க்கப்பட்ட தன் சொந்த வீரர் ஓட்டும் இரண்டு இருக்கை விமானம் எப்படி ஆபத்தாகும்? எல்லையோரத் தளங்களை விட்டுவிடுவோம். உள்நாட்டுத் தளங்கள் பல இருக்கின்றன.

விபத்து பற்றிய அச்சம் இதைவிட வலுவானது. சிறு விமானங்கள் விபத்துக்குள்ளாகின்றன. பயிற்சி மாணவர்கள் உயிரிழக்கிறார்கள். இதற்கு என் பதில் அந்த அமெரிக்க ஹேங்கரின் கரும்பலகையில் இருக்கிறது. மாதாந்திரப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு வராத உறுப்பினர்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. வராத பாடத்தை ஈடுசெய்யும்வரை அவர்களுக்குச் சாவி கிடையாது, அவர் எந்தப் பதவியில் இருந்தாலும். ஆண்டுக்கொரு முறை மறுசோதனை உண்டு. நீண்ட நாள் பறக்காதவர் பயிற்றுநருடன் ஏறி இறங்கிய பிறகே தனியே போகலாம். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு வருவாய் பார்க்க வேண்டிய பள்ளியால் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது கடினம். விபத்தே நேராது என்று சொல்லமாட்டேன். கண்டிப்பைப் பழக்கமாகவே கொண்ட நிறுவனத்தில் கற்பது மேல் என்று சொல்வேன்.

உரிமம் பெற்றதும் படையைவிட்டு ஓடிவிடுவார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. நான்காண்டில் நாமே அனுப்பிவைக்கப் போகிறவர்களைப் பற்றி இப்படிக் கவலைப்படுவது விந்தையாக இருக்கிறது.

இருபதாண்டு முடித்து நாற்பது வயதை ஒட்டி வெளியே வரும் பழைய முறை வீரர்களின் நிலை வேறு. அந்த வயதில் வணிக உரிமம் பெற்றுத் துணை விமானியாகச் சேர்வது எளிதன்று. பொய்யான நம்பிக்கையை விதைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நம் பயிற்சிப் பள்ளிகளில் நல்ல பயிற்றுநர்களுக்குப் பஞ்சம் இருக்கிறது. இருபதாண்டு விமானத்தோடு வாழ்ந்தவர், பத்தாண்டு கிளப்பில் பறந்தவர், பொறுமை உள்ளவர், பணிமூப்பைவிடப் பாடத்தை மதிப்பவர் ஒருவர் பயிற்றுநரானால் அது யாருக்கு இழப்பு? விமானிப் பற்றாக்குறை என்பது பெருமளவு பயிற்றுநர் பற்றாக்குறையே. டிசம்பர் நெருக்கடியை ஒட்டி எழுதப்பட்ட கட்டுரைகளில் இந்தக் கண்ணி விடுபட்டுப்போனதாகத் தோன்றுகிறது.

அமெரிக்கரின் தவறை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. இதைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் நலத்திட்டக் கோப்பில், உணவகத்துக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் அருகே வைத்தால் பத்தாண்டில் மூடப்பட்டுவிடும். மறுவாழ்வுப் பயிற்சியின் ஒரு பகுதியாக, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதலுடன் தொடங்க வேண்டும். விமானத்தையும் ஹேங்கரையும் அரசு தரட்டும். எரிபொருளையும் பயிற்றுநர் கட்டணத்தையும் பராமரிப்பையும் உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பராமரிப்புக்கு ஆள் தேட வேண்டிய நிலை அங்கே வராது. அதற்கான உரிமத்தை மட்டும் முறைப்படி பெற்றுத்தர வேண்டும். பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ‘ஹன்சா’ என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை அரசு முன்பே ஃபிளையிங் கிளப்புகளுக்கு வழங்கியிருக்கிறது; அதன் புதிய வடிவமும் வந்துவிட்டது. சிறு விமானங்களுக்கான எரிபொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தோம். 2022இல் இந்தியன் ஆயில் நிறுவனம் அதை வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது.

ஒரே ஒரு தளத்தில், இரண்டு விமானங்களுடன், முப்பது உறுப்பினர்களுடன் தொடங்கினால் போதும். எந்தத் தளம் என்று கேட்டால் என் பாசத்தை மறைக்காமல் தாம்பரத்தைச் சொல்வேன். பயிற்றுநர் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பலர் செங்கல்பட்டு சாலை நெடுகிலும் குடியிருக்கிறார்கள். மாலை நடைப்பயிற்சியில் என்னோடு வரும் ஒருவருக்கு வயது அறுபத்தெட்டு. இந்தக் கட்டுரையின் கைப்படியைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மருத்துவத் தகுதிச் சான்றை நான் இப்போதே புதுப்பித்து வைத்துக்கொள்ளட்டுமா?”